நூற்றிருபது நாள் ஞாயிற்றுக்கிழமை

"அக்கா, கப்பல் நின்னுருச்சு" என்றான் அன்பரசன்.

ஆடி பதினேழு, காலை பத்து மணி. சிவகாசியில் சீனிவாசகம் அண்ணாச்சியின் ஆப்செட் அச்சகத்தில் ப்ரூப் பார்க்கிற மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள் இசைவாணி. ஒரு கையில் சிவப்புப் பேனா, மறு கையில் போன். அவள் தம்பி பேசிக்கொண்டிருந்தது வடதுருவத்துக்குப் பக்கத்திலிருந்து.

"நின்னுருச்சுன்னா? ரிப்பேராலே?"

"ரிப்பேர் ஒண்ணுமில்ல. முன்னாடி ஒரு ஜலசந்தி. வழி தெறந்துதான் கெடக்கு. கேப்டனும் தயாராத்தான் இருக்காரு. வாரியத்துல இருந்து புறப்பாட்டு ஆணை வரலை. ராகு காலமாம்லக்கா."

"அம்புட்டுத்தானா? ஒன்றரை மணி நேரம் பொறுத்துக்கோ."

"பதினஞ்சு நாளாம்."

பேனா கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அந்தப் பதினைந்து நாளை எழுதி, ப்ரூப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவளே அவள்தான்.

இந்தக் கூத்து எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். வடகடல் வழி வாணிப வாரியம் என்று ஒன்று விருதுநகரில் இருக்கிறது. மாவட்டத்தில் கடல் கிடையாது. கண்மாயில் தண்ணீர் கிடக்கிறதா என்று எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனாலும் வடதுருவத்தில் பனி உருகுகிறது, கப்பல் போக வழி திறக்கிறது என்று பேப்பரில் வந்த வாரமே ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியைப் பிடித்து, பலகை எழுதி மாட்டி, தலைவராக சூர்யபிரகாஷ் என்ற அதிகாரியையும் உட்காரவைத்துவிட்டார்கள். அவர் முதல் கூட்டத்திலேயே இப்படிப் பேசினார்:

"பனி உருகுவதை உலகம் ஆபத்து என்கிறது. வாரியம் அதை வாய்ப்பு என்கிறது. இங்கே நாற்பத்திரண்டு டிகிரி வெயில் அடிக்கிறது என்று புலம்புகிறீர்களே, அந்த வெயில்தான் அங்கே நமக்கு ரோடு போட்டுக் கொடுக்கிறது. ஆகவே இனிமேல் யாரும் வெயிலைக் குறை சொல்லக் கூடாது."

கூட்டத்தில் அன்பரசனும் இருந்தான். சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் எட்டு வருஷம் மருந்தோடு புழங்கியவன். பெட்டியைத் தொட்டே ஈரம் ஏறியிருக்கிறதா என்று சொல்லிவிடுவான். பட்டாசு லோடோடு கூடப் போக அவனைத்தான் பிடித்துப் போட்டிருந்தார்கள். அவன் எழுந்து, "சார், தூத்துக்குடியில இருந்து ஐரோப்பாவுக்கு சூயஸ் வழியாப் போனா பாதித் தூரம்தானே? நாம எதுக்கு ஜப்பானைச் சுத்திக்கிட்டுப் போறோம்?" என்று கேட்டுவிட்டான்.

"தம்பி, குறுக்கு வழி வடக்கே இருக்கிறது" என்றார் தலைவர். "குறுக்கு வழிக்குப் போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் சுற்றத்தான் வேண்டும். அது உங்கள் வீட்டு வாசலிலேயே வந்து நிற்குமா?"

எல்லோரும் கைதட்டினார்கள். அன்பரசனும் தட்டினான், பாவம்.

அடுத்தது காலண்டர். சிவகாசி லோடு நல்ல நேரம் பார்க்காமல் கிளம்பியதாகச் சரித்திரம் இருக்கக் கூடாது என்று வாரியம் தீர்மானம் போட்டது. கப்பலுக்கென்று தனியாகத் துருவத் தினசரிக் காலண்டர். அண்ணாச்சிக்கு ஆர்டர் கிடைத்தது, இசைவாணிக்கு வேலை வந்தது. அவள் பன்னிரண்டு வருஷமாக ராகு காலமும் எமகண்டமும் சரிபார்க்கிறவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஞாயிறு நாலரை டு ஆறு, திங்கள் ஏழரை டு ஒன்பது என்று சொல்லுவாள். அவளுக்கே தலை சுற்றியது.

"சார், அங்கன கோடையில சூரியன் அடையவே அடையாதாம்ல. எப்படிக் கணக்குப் பண்ண?" என்று தலைவரையே கேட்டாள்.

"உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை எட்டாகப் பிரிக்க வேண்டும். இது சிவகாசியில் சரியென்றால் துருவத்திலும் சரி. விதியை ஊருக்கு ஊர் மாற்ற முடியாது."

பிரித்தாள். அந்த ஜலசந்தியில் சித்திரை மாசம் ஐந்தாம் தேதிவாக்கில், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ஏறின சூரியன் ஆடி முப்பத்தொன்றில்தான் இறங்கும். நூற்றிருபது நாள். அதில் எட்டில் ஒரு பங்கு பதினைந்து நாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ராகு காலம் கடைசிப் பங்கு. ஆடி பதினாறிலிருந்து முப்பத்தொன்று வரை ராகு காலம் என்று எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு மேற்கே சூலம், பரிகாரம் வெல்லம். கப்பல் மேற்கு நோக்கித்தான் போகிறது. ஆகவே கப்பலில் ஆறு மூட்டை வெல்லம் ஏற்றினார்கள். எழுதும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கப்பல் அந்த இடத்தை ஆடி பதினஞ்சுக்குள் தாண்டிவிடும், அப்புறம் இது யாருக்கு என்று விட்டுவிட்டாள். மூடுபனியில் கப்பல் இரண்டு நாள் பிந்தும் என்று யார் கண்டது?

"அக்கா, லைன்ல இருக்கியா?" அன்பரசன் குரல் இறங்கியிருந்தது. "நாளன்னிக்கிக் காலையில காத்து திரும்புதாம். திரும்புனா மெதக்குற பனிப்பாளமெல்லாம் வந்து அடைச்சிரும். அடைச்சா அடுத்த வருஷம்தான்னு கேப்டன் சொல்றாரு. அதுகூடப் பரவாயில்லக்கா. அடியில ரெண்டு பெட்டியில ஈரம் எறங்கிருச்சு. தொட்டுப் பாத்தேன். வெதுவெதுன்னு இருக்கு."

இசைவாணி எழுந்துவிட்டாள். பட்டாசு ஊரில் பிறந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஈரம் பட்ட மருந்து தானாகச் சூடேறும், சூடேறினால் தானாகப் பற்றும்.

"தூக்கிக் கடல்ல போட்டுருலே!"

"மேல நாப்பது பெட்டி இருக்கு. இங்கன பாளம் இடிச்சு இடிச்சுக் கப்பல் ஆடுது, கிரேனைத் தூக்க முடியல. ஜலசந்தியைத் தாண்டுனா அந்தப் பக்கம் தண்ணி அசையாமக் கெடக்காம். அங்கன போய்த்தான் எடுக்கணும். ஆணை இல்லாம நகந்தா இன்சூரன்ஸும் கெடையாது, பனியுடைக்கிற கப்பலும் கூட வராது. பதினெட்டுப் பேரு இருக்கோம்க்கா."

அவளுக்கு இருக்கிற ஒரே கூடப்பிறந்தவன். போனை வைத்தாள், அண்ணாச்சியிடம் அரை நாள் லீவு சொன்னாள், விருதுநகர் பஸ்ஸைப் பிடித்தாள்.

மண்டபத்து மாடியில் 'வடகடல் பிரிவு' அறை பூட்டிக் கிடந்தது. வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார் பிரிவு எழுத்தர் முனியசாமி. மடியில் பொட்டலம் வெல்லம்.

"பிரிவு லீவும்மா" என்றார். "சூரியன் உதிச்சு அடுத்த உதயம் வரைக்கும் ஒரே நாள்தானே? அங்கன ஞாயித்துக்கிழமை உதிச்சது இன்னும் அடையலை. அதனால எங்க பிரிவுக்கு இன்னும் ஞாயித்துக்கிழமை."

"சித்திரையில இருந்தா?"

"சித்திரையில இருந்து. சம்பளத்தோட."

"அப்புறம் எதுக்கு இங்கன உக்காந்திருக்கீக?"

"லீவு நாள்ல ஆபீஸைக் காவல் காக்க ஒரு ஆள் வேணும்லா." அவர் ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். "டீக்கடை மேக்குப் பக்கம் இருக்கு. சூலம் பாத்துத்தான் போகணும். நீங்க போயித் தலைவரைப் பாருங்க."

தலைவர் நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று ஆடி முப்பத்தொன்றாம் தேதி நிகழ்த்த வேண்டிய உரையைப் பழகிக்கொண்டிருந்தார். இசைவாணி மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னாள்.

"காற்று திரும்புவதாக வாரியத்துக்கு எழுத்துமூலமாக எந்தத் தகவலும் வரவில்லை" என்றார் தலைவர்.

"லோடு சூடாகுது சார்."

"அவ்வளவு குளிரான பிரதேசத்தில் சூடாவது நல்ல அறிகுறிதானே?"

"சார், பத்திக்கிடும் சார்! பதினெட்டு உசுரு!"

தலைவர் கண்ணாடியைவிட்டுத் திரும்பினார். முகத்தில் கோபம் துளிகூட இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அம்மா, நான் கல்நெஞ்சக்காரன் அல்ல. அந்தப் பதினெட்டுப் பேருக்காகத்தான் கப்பலை நிறுத்தியிருக்கிறேன். ராகு காலத்தில் அனுப்பி அவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி வாரியத்தின் மேல் வரும். நிற்கும்போது ஏதாவது ஆனால் அது இயற்கை. இயற்கைக்கு வாரியம் பொறுப்பேற்க வேண்டியதில்லை." சுவரில் மாட்டியிருந்த துருவக் காலண்டரைக் காட்டினார். "அச்சில் இருக்கிறது. ப்ரூப் பார்த்தவர் கையெழுத்தும் இருக்கிறது. இங்கே வாய்ப்பேச்சு செல்லாது, கைக்கடிதம் செல்லாது. அச்சடித்து, ப்ரூப் பார்த்த கையெழுத்தோடு வருவதுதான் ஆணை. இது உங்கள் கையெழுத்துதானே?"

அவளுடையதுதான். நல்ல குண்டு எழுத்தில், அழகாக, போட்டுத் தொலைத்திருந்தாள்.

திரும்புகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பையிலிருந்து வாரியம் கொடுத்த பழைய குறிப்புத் தாளை எடுத்தாள். நூறு தடவை பார்த்த தாள்தான். திருத்தங்கல் தாண்டும்போது ஒரு வரியில் கண் நின்றது. சூரிய உதயம்: ஞாயிறு இரவு, பன்னிரண்டு அடித்து நாலு நிமிஷம்.

ஞாயிறு ராத்திரி வரைக்கும் ஞாயிறு. சரி. ஆனால் உதயமாகிவிட்டால் அடுத்த கிழமை பிறந்துவிடுமே! நம்ம கணக்குப்படி விடிந்தால்தானே மறுநாள்? அது ராத்திரி பன்னிரண்டு மணிக்கு விடிந்தாலும் விடிந்ததுதான். விடிந்தது திங்கள்கிழமை. அடிப்பாவி, பன்னிரண்டு வருஷம் ப்ரூப் பார்த்த நீயா இதை விட்டாய் என்று தன்னையே வைதுகொண்டாள். திங்கள்கிழமைக்கு ராகு காலம் இரண்டாவது பங்கு. அது சித்திரையில் தொடங்கி வைகாசி பிறந்த நாலாம் நாளே முடிந்துபோனது. வழி சுத்தமாகக் கிடக்கிறது!

ஆனால் தலைவரிடம் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? வாய்ப்பேச்சு செல்லாது. பிழை என்று எழுதிக் கொடுத்தால் ஆராய ஒரு துணைக்குழு போடுவார். துணைக்குழு கூடுவதற்கு நல்ல நேரம் பார்ப்பார். பெட்டி அதுவரை பொறுக்காது.

மறுநாள் ஆடிப்பெருக்கு. சிவகாசி அச்சகங்களில் அன்றைக்குத்தான் வரப்போகிற வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அண்ணாச்சி அச்சகத்தில் சிறப்பு விருந்தினர் யார் என்கிறீர்கள்? சூர்யபிரகாஷேதான். இசைவாணி ஏழு மணிக்கே வந்தாள். மெஷின்காரர் சங்கிலிமுத்து மெஷினுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு சின்னத் தாள். வாரியத்து வேலை. இப்பவே வேணும்."

"பூசைக்கு முன்னாடியா தாயி?"

"பூசைக்கு முன்னாடி."

அவள் முகத்தைப் பார்த்தவர் சந்தனக் கிண்ணத்தை வைத்துவிட்டு மெஷினை ஓட்டினார். பத்து நிமிஷத்தில் தாள் வந்தது. 'பிழைத் திருத்தம்: ஞாயிறு என்றுள்ள இடங்களில் எல்லாம் திங்கள் என்று வாசிக்கவும். ராகு காலம் வைகாசி நான்குடன் முற்றிற்று.' அடியில் ப்ரூப் பார்த்த கையெழுத்து. வாரியத்து முத்திரை இல்லாமல் அவள் அச்சடிக்கிற முதல் வாரியத் தாள். மாட்டினால் இந்த ஊரில் எந்த அச்சகத்திலும் சிவப்புப் பேனாவைத் தொட முடியாது.

பத்தரைக்கு விருந்தினர் வந்தார். கூடவே முனியசாமி, வெல்லத்தோடு. தலைவர் ஆல்பத்தை வெளியிட்டு, வடதுருவமும் விருதுநகரும் ஒரே வெயிலில் வாழ்கின்றன என்று முக்கால் மணி நேரம் பேசினார். இசைவாணியின் இடுப்பில் செருகியிருந்த போன் இரண்டு தடவை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். 'பெட்டி சுடுது. கை வைக்க முடியல.'

பேச்சு முடியும்வரை அவளுக்குப் பொறுமை இல்லை. கைதட்டலுக்கு நடுவிலேயே மேடையேறிக் காலண்டர் தாள்களோடு திருத்தத்தையும் தலைவர் கையில் கொடுத்தாள். அவர் வாசித்தார். மறுபடி வாசித்தார். பக்கத்தில் நின்ற முனியசாமியும் எட்டி வாசித்தார். வாய்க்குள் இருந்த வெல்லம் கரையாமல் நின்றுவிட்டது.

"ஐயா... திங்கள்னா வேலை நாளில்லையா?"

"ஆமாம்."

"அப்ப நாம நூத்தியேழு நாளா வேலைக்கு வரலையா?"

பனிப்பாளத்துக்கும் பதினெட்டு உயிருக்கும் அசையாத தலைவரின் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. "நூற்றியேழு நாள்... தணிக்கைக்காரர்கள் கேட்டால்..." என்று முணுமுணுத்தார். சட்டென்று நிமிர்ந்தார். "வாரியம் திங்கள்கிழமை முழுவதும் மும்முரமாகப் பணியாற்றியிருக்கிறது! அதற்கு அத்தாட்சி வேண்டும். நிலுவையில் என்ன இருக்கிறது?"

"புறப்பாட்டு ஆணை ஒண்ணுதான் ஐயா."

"அச்சடியுங்கள்!"

இருபது நிமிஷத்தில் ஆணை அச்சாகி, ப்ரூப் பார்த்து, முத்திரை வாங்கி, போன் வழியாக வடதுருவத்துக்குப் போய்விட்டது. முனியசாமி வருகைப் பதிவேட்டை வரவழைத்து நூற்றியேழு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கூடவே, திங்கள்கிழமைக்குப் பரிகாரம் தயிர் என்பதால் வெல்லத்தைத் தூக்கி எறிந்துவிட்டுத் தயிருக்கு ஆள் அனுப்பினார். இசைவாணி கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

மறுநாள், ஆடி பத்தொன்பது, காலை எட்டு மணிக்குப் போன் வந்தது.

"தாண்டிட்டோம்க்கா! தண்ணி அமந்ததுமே மேல் பெட்டியெல்லாம் எறக்கி அந்த ரெண்டையும் கடல்ல தள்ளிட்டோம். விழுந்து பத்து எண்ணக்கூட இல்ல, டமார்னு ஒண்ணு! இங்கன கேட்ட மொதச் சிவகாசி வெடி அதான். பின்னாடி பாத்தா வழியே இல்ல. அம்புட்டும் வெள்ளையா மூடிருச்சு."

"சாப்பிட்டியாலே?"

"எங்க? வெல்லம்தான் மூணு மூட்டை மிச்சம் இருக்கு."

அவள் சிரித்தாள். அழுகையும் வந்தது. இரண்டையும் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், வாசலில் கார் நிற்கிறது. தலைவர், முனியசாமி, அவர்கள் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு அண்ணாச்சி.

"நேற்றைய திருத்தத்தில் வாரிய முத்திரை இல்லை" என்றார் தலைவர். குரலில் இன்றும் கோபம் இல்லை. "முத்திரை இல்லாத தாள் அச்சாகாத தாள். ஆகவே திங்கள்கிழமை ரத்து. ஞாயிறு தொடர்கிறது. தணிக்கைச் சிக்கலும் தீர்ந்தது. ஆனால் கப்பல் ராகு காலத்தில் ஜலசந்தியைத் தாண்டியிருக்கிறது. இந்தக் களங்கத்தோடு வாரியத்தின் முதல் கப்பல் கரை சேரக் கூடாது. கப்பல் திரும்பிப் போய், பழைய இடத்தில் நின்று, ஆடி முப்பத்தொன்றில் அஸ்தமனமானதும் முறைப்படி மறுபடி தாண்ட வேண்டும்."

"வழி மூடிருச்சு சார்" என்றாள் இசைவாணி. "திரும்புனா பாளத்துக்குள்ள மாட்டிச் சாவாக."

"அது நல்ல நேரத்தில் நடக்கும்" என்றார் தலைவர்.

முனியசாமி கப்பலைத் திரும்ப அழைக்கும் ஆணையை மேஜையில் வைத்தார். எழுத்து சுத்தமாக அச்சாகியிருந்தது, முத்திரையும் இருந்தது. ப்ரூப் பார்த்தவர் கையெழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது.

"வேற யாரும் போடக் கூடாதா?" என்று அண்ணாச்சி மெல்லக் கேட்டார்.

"துருவ ஆணைகளுக்குப் பதிவான கையெழுத்து இவருடையது மட்டும்தான். மாற்ற வேண்டுமென்றால் வாரியம் கூட வேண்டும். வடகடல் பிரிவு விடுமுறையில் இருக்கிறது."

இசைவாணி தாளைப் பார்த்தாள். தலைவரைப் பார்த்தாள். சிவப்புப் பேனாவை எடுத்தாள். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் பேனாவுக்கு மூடியைப் போட்டுப் பைக்குள் வைத்தாள். டிபன் பாக்ஸையும் எடுத்து வைத்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்டீக?" என்றார் முனியசாமி.

"வீட்டுக்கு. இது துருவப் பிரிவு வேலைதானே? அங்கன ஞாயித்துக்கிழமைல்லா. நான் ஞாயித்துக்கிழமை வேலை பாக்குறதில்ல." தலைவர் வாயைத் திறந்தார். அவர் சொல்வதற்குள் இவள் சொல்லிவிட்டாள்: "விதியை ஊருக்கு ஊர் மாத்த முடியாது சார். அங்கன சூரியன் அடையட்டும். திங்கக்கிழமை வந்து மொத வேலையாப் போட்டுத்தாரேன்."

கப்பல் கரை சேர இன்னும் ஒன்பது நாள். சூரியன் அடைய இன்னும் பன்னிரண்டு நாள். தலைவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், விதியில் எங்கேயும் ஓட்டை இல்லை.

அண்ணாச்சி நாற்பது வருஷத்தில் சீசன் நேரத்து ஞாயிற்றுக்கிழமைகூட மெஷினை நிறுத்தியதில்லை. அவர் கண்ணைத் திறந்து உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏலே சங்கிலிமுத்து, வாரியத்து வேலை ஓடுற மெஷினை நிறுத்து. இன்னிக்கி ஞாயித்துக்கிழமையாம்லே."

வெளியே வியாழக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. இசைவாணி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.